காற்றுக்குக் கணக்குப்பிள்ளை யார்?

பெட்ரோல் பங்க்கில் நம்மவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? கார் நின்றதும் கண்ணாடி இறங்கும். 'ஜீரோ பார்த்துக்குங்க ஸார்' என்று பங்க் ஊழியர் சொல்வதற்கு முன்பே நம் கண் மீட்டரில் போய் ஒட்டிக்கொள்ளும். சிலர் கீழே இறங்கியே நிற்பார்கள். ரவுண்டாக ஆயிரம் ரூபாய் என்று சொன்னால் ஏமாற்றிவிடுவார்கள் என்று பயந்து, 'ஆயிரத்துப் பதினஞ்சுக்குப் போடு' என்கிற சாமர்த்தியசாலிகளும் உண்டு. அளவில் சந்தேகம் என்றால், ஐந்து லிட்டர் அளவைக் கொண்டுவந்து கண்ணெதிரே அளந்து காட்டச் சொல்லவும் நமக்கு உரிமை இருக்கிறது. மெஷினில் எடையளவு முத்திரை வேறு. ஐம்பது மில்லி குறைந்தால் உலகமே இடிந்துவிழும்.

அதே கார் அங்கிருந்து இருபது அடி நகர்ந்து காற்று பிடிக்கிற மூலைக்கு வருகிறது. இப்போது அதே மனிதரைப் பாருங்கள். செல்போனில் பேசிக்கொண்டிருப்பார். 'எவ்வளவு ஸார்?' என்ற கேள்விக்கு 'நீயே பார்த்து வைப்பா' என்பார். டயருக்குள் எவ்வளவு போனது, மீட்டர் என்ன காட்டியது, அந்த மீட்டர் சரியானதுதானா... ஊஹூம், ஒன்றும் தெரியாது. நான்கு முறை 'டிங்' சத்தம் கேட்டதும் பத்து ரூபாயை நீட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

பெட்ரோலில் ஐம்பது மில்லி குறைந்தால் ஐந்து ரூபாய் நஷ்டம். காற்றில் அளவு தப்பினால் போவது பிரேக்கும் டயரும். சில நேரம் ஆளும். ஆனால் ஐந்து ரூபாய்க்குக் காட்டுகிற அக்கறையை நாம் ஆளுக்குக் காட்டுவதில்லை. ஏன்?

காமர்ஸ் படித்தவனுக்குத் தெரிந்த ஒரே பதில்: பெட்ரோலுக்கு பில் உண்டு, காற்றுக்கு பில் கிடையாது. எதற்கு பில் இல்லையோ அதற்குக் கணக்குப்பிள்ளை இல்லை. எதற்குக் கணக்குப்பிள்ளை இல்லையோ அதற்கு யாரும் பொறுப்பில்லை.

*

காற்று குறைந்த டயர் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். டயர் சப்பையாகத் தெரிந்தால் ரோட்டில் போகிறவர்கூடக் கை காட்டிச் சொல்லிவிட்டுப் போவார். காற்று கூடிப்போன டயரைப் பார்த்து யாராவது 'ஸார், காத்து ஜாஸ்தியா இருக்கு' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சொல்ல மாட்டார்கள். விறைப்பாக நிற்கிற டயர் நமக்கு ஆரோக்கியமான டயர். கொழுகொழு குழந்தைதான் ஆரோக்கியமான குழந்தை என்று நம்புகிற ஊர் இல்லையா!

அதனால்தான் காற்று மூலையில் கிடைக்கிற இலவச உபதேசங்கள் எல்லாமே ஒரே திசையில் இருக்கின்றன.

'ஹைவே போறீங்களா ஸார்? ரெண்டு பாயிண்ட் கூட வெச்சுக்கோங்க.'

'ஃபேமிலியோட போறீங்களா? நாப்பது வெச்சிடறேன்.'

'கூட இருந்தா ஒண்ணும் ஆகாது ஸார், மைலேஜ் கிடைக்கும். ஒரு மாசத்துக்கு இந்தப் பக்கமே வரவேண்டாம்.'

கடைசி உபதேசம்தான் நமக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு மாதத்துக்கான காற்றை மொத்தமாக வாங்கி ஸ்டாக் வைத்துக்கொள்ளலாம் என்பது எவ்வளவு பெரிய சௌகரியம்! ஆனால் டயர் என்பது அரிசி டிரம் இல்லை ஸார்.

சரி, எவ்வளவு வைக்க வேண்டும்? அதற்கு ஜோசியம் தேவையில்லை. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால், கதவு வந்து மூடுகிற தூணில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம். அதில் முன் டயருக்கு இவ்வளவு, பின் டயருக்கு இவ்வளவு என்று எழுதியிருக்கும். ஆள் குறைவாக இருந்தால் ஒரு கணக்கு, ஐந்து பேரும் பெட்டியும் இருந்தால் இன்னொரு கணக்கு என்று பல கார்களில் இரண்டு எண்கள் இருக்கும். அதாவது 'ஃபேமிலியோட போறீங்களா' என்ற கேள்விக்கான பதிலும் அந்த ஸ்டிக்கரிலேயே இருக்கிறது. அந்தக் காரைச் செய்தவர்கள், அதன் எடை, பிரேக், ஸ்பிரிங், டயர் அளவு எல்லாவற்றையும் வைத்துப் போட்ட கணக்கு அது. நம்முடைய சின்னக் கார்களில் பெரும்பாலும் முப்பதுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

இன்னொரு எண்ணும் இருக்கிறது. அதுதான் நம்மவர்களைக் கவிழ்க்கிற எண். டயரின் பக்கவாட்டிலேயே 'மேக்ஸ் பிரஷர் 44' என்றோ '51' என்றோ பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். 'பாருங்க, டயர் கம்பெனிக்காரனே நாப்பத்து நாலு போடச் சொல்லியிருக்கான்' என்று அதைக் காட்டி வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லவில்லை ஐயா. அதற்கு மேல் போகாதே என்று சொல்லியிருக்கிறான். லிஃப்ட்டில் 'எட்டு பேர்' என்று எழுதியிருந்தால், எட்டு பேர் சேர்ந்தால்தான் லிஃப்ட் ஓடும் என்றா அர்த்தம்? அந்த டயர் எத்தனையோ மாடல் கார்களில் மாட்டப்படும். உங்கள் காருக்கு எவ்வளவு என்று டயருக்குத் தெரியாது. காருக்குத்தான் தெரியும்.

*

கூட வைத்தால் என்ன ஆகும்? பேப்பரும் பென்சிலும் எடுங்கள். சின்னக் கணக்குதான்.

காரும் ஆட்களும் சேர்ந்து 1,300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நான்கு சக்கரங்களுக்கும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 325 கிலோ. டயரில் 33 பாயிண்ட் காற்று என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.3 கிலோ அழுத்தம். 325-ஐ அதால் வகுத்தால் சுமார் 140 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடுகிற இடம் அவ்வளவுதான். டயருக்கே உள்ள விறைப்பால் இது கொஞ்சம் முன்னே பின்னே போகும். ஆனால் கணக்கு இதை ஒட்டித்தான் வரும். ஏறக்குறைய ஓர் அஞ்சலட்டை அளவு. (அஞ்சலட்டையைப் பார்த்திராத இளைஞர்கள் உள்ளங்கையைப் பார்த்துக்கொள்ளவும்.) உங்கள் மனைவி, குழந்தைகள், அம்மா, அத்தனை பேரையும் நூறு கிலோமீட்டர் வேகத்தில் ரோட்டோடு பிடித்துவைத்திருப்பது நான்கு அஞ்சலட்டைகள்.

இப்போது 42 பாயிண்ட் வையுங்கள். ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடுகிற இடம் 110 சதுர சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. டயருக்கு முப்பது குறைந்தால் நான்குக்கும் சேர்த்து 120. கிட்டத்தட்ட ஒரு முழு அஞ்சலட்டையை 'கூட ரெண்டு பாயிண்ட்' புண்ணியவான்களிடம் பறிகொடுத்துவிட்டீர்கள். பிரேக் பிடிப்பது, வளைவில் திரும்புவது, குறுக்கே ஓடி வரும் நாயைத் தவிர்த்து ஒதுங்குவது எல்லாம் மிச்சமிருப்பதை வைத்துத்தான்.

மிச்சம் இருப்பதும் சரியாக வேலை செய்வதில்லை. காற்று கூடினால் டயரின் நடுப்பகுதி புடைத்துக்கொள்கிறது. ஓரங்கள் ரோட்டில் சரியாக அழுந்துவதில்லை. நடுவில் மட்டும் பட்டன் தேய்ந்து மொட்டையாகிறது. ஓரத்தைப் பார்த்தால் புது டயர்; நடுவில் பார்த்தால் வழுக்கை. பஞ்சர் கடைக்காரர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். தேய்ந்த டயரைத் தடவிப் பார்த்தே, இது காற்று கூட வைத்து ஓட்டினவர், இது குறைய வைத்து ஓட்டினவர் என்று சொல்லிவிடுவார். நடு தேய்ந்தால் கூட. இரண்டு ஓரமும் தேய்ந்தால் குறைவு.

அப்புறம் நம் ரோடு. மழைக்காலம் முடிந்ததும் சென்னையில் எது ரோடு, எது பள்ளம் என்று கண்டுபிடிக்கவே தனிப் படிப்பு வேண்டும். போர்டு இல்லாத, வெள்ளைக்கோடு இல்லாத ஸ்பீட் பிரேக்கர்கள் வேறு. பள்ளத்தில் இறங்கும்போது டயர் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்க வேண்டும். அதற்காகத்தானே கட்டையையும் இரும்பையும் விட்டுவிட்டு ரப்பருக்குள் காற்றை அடைத்தார்கள்! 1888-ல் பெல்ஃபாஸ்ட்டில் ஜான் பாய்டு டன்லப் என்ற மாட்டு டாக்டர், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடவேண்டும் என்றுதான் காற்று டயர் செய்து மாட்டினார். நாம் அதில் காற்றை அடித்து அடித்துத் திரும்பவும் கட்டைச் சக்கரமாக்கிக்கொண்டிருக்கிறோம். விறைத்து நிற்கிற டயர் பள்ளத்து விளிம்பில் மோதும்போது அடியை உள்வாங்காமல் அப்படியே வாங்கிக்கொள்கிறது. உள்ளே இருக்கிற நூல் அறுகிறது. பக்கவாட்டில் முட்டை மாதிரி ஒரு வீக்கம் வருகிறது. அந்த வீக்கத்தோடு யாரோ ஒருவர் திண்டிவனம் தாண்டி நூற்றிருபதில் போய்க்கொண்டிருப்பார்.

ஒரு விஷயம் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நல்ல டயரில் நாலு பாயிண்ட் கூட வைத்ததால் மட்டும் அது பலூன் மாதிரி படாரென்று வெடித்துவிடாது. வாட்ஸ்அப்பில் வருகிற அந்தப் பூச்சாண்டியை நான் காட்டப் போவதில்லை. ஆபத்து வருவது கூட்டணியில். பழைய டயர், பள்ளத்தில் அடி வாங்கிய டயர், மதிய வெயில், ஓவர் லோடு, ஓவர் ஸ்பீடு... இவர்களோடு கூடுதல் காற்றும் கைகோத்துக்கொள்ளும்போதுதான் கவிழ்கிறது. கூட்டணியில் எந்தக் கட்சியால் ஆட்சி கவிழ்ந்தது என்று அப்புறம் விசாரணை கமிஷன் வைத்தாலும் தெரியாது. அடுத்த நாள் பேப்பரில் 'டயர் வெடித்து விபத்து' என்று ஒரே வரி. அந்த வரியோடு விஷயம் முடிந்துபோகிறது.

*

'மைலேஜ் கிடைக்குமே' என்பீர்கள். கிடைக்கும். மறுக்கவில்லை. விறைப்பான டயர் கொஞ்சம் சுலபமாக உருளும். எவ்வளவு கிடைக்கும்? ஒரு பாயிண்ட் காற்று குறைந்தால் சுமார் 0.2 சதவிகிதம் மைலேஜ் போகும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிற கணக்கு. அதையே தலைகீழாக்கி, கூட்டினால் அதே அளவு கிடைக்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஐந்து பாயிண்ட் கூட வைத்தால் ஒரு சதவிகிதம்.

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர். பெட்ரோல் நூறு ரூபாய் என்று வையுங்கள். மாதச் செலவு 6,670 ரூபாய். அதில் ஒரு சதவிகிதம் 67 ரூபாய். இது வரவு.

இப்போது பற்று. நான்கு டயர் மாற்ற 20,000 ரூபாய், நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் தேய்ந்து ஐந்தில் ஒரு பங்கு ஆயுள் குறைந்தால் 4,000 ரூபாய் போச்சு. அதே நாற்பது மாதத்தில் பெட்ரோலில் மிச்சம் பிடித்தது 2,680. ஆக நிகர நஷ்டம் 1,320. இதில் சஸ்பென்ஷன் செலவு, முதுகுவலி டாக்டர் ஃபீஸ் எல்லாம் சேர்க்கவில்லை. பி.காம். முதல் வருஷத்துப் பையன் இந்தக் கணக்கைப் பார்த்தாலே இந்த வியாபாரம் வேண்டாம் ஸார் என்பான்.

அடுத்தது வெயில். 'வெயில்ல காத்து விரியும், அதனால ஹைவேயில குறைச்சு வைக்கணும்' என்று இன்னொரு கோஷ்டி கிளம்பும். இது முதல் கோஷ்டியைவிட ஆபத்தானது. காற்று விரியும், உண்மைதான். காலையில் 30 டிகிரியில் 33 பாயிண்ட் வைத்த டயர், ஓடி ஓடி உள்ளே காற்று 60 டிகிரி ஆகும்போது 37, 38 காட்டும். ஆனால் ஸ்டிக்கரில் எழுதியிருக்கிற எண்ணே இந்த ஏற்றத்தை உத்தேசித்து எழுதியதுதான். அது குளிர்ந்த டயருக்கான எண். குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற வண்டி, அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்குள் ஓடிய வண்டி என்று அர்த்தம். சூடான டயரில் 38 காட்டுகிறதே என்று பயந்து காற்றை இறக்கிவிட்டால், ஆறின பிறகு அது 28, 29-ல் வந்து நிற்கும். காற்று குறைந்த டயர் மடங்கி மடங்கிச் சூடாகும். நெடுஞ்சாலையில் டயர் கிழிந்துபோவதற்குப் பெரிய காரணமே அந்தச் சூடுதான்.

ஆகவே 'குறைச்சலா இருக்கறதுக்கு கூட இருக்கறது தேவலையே' என்று யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். குறைந்தால் டயர் போகும், கூடினால் பிடிப்பு போகும். இரண்டில் எது நல்லது என்பது தூக்கா, விஷமா என்று கேட்கிற மாதிரி. கேள்வி கூடவா, குறையவா என்பதே இல்லை. அளவு தெரியுமா, தெரியாதா என்பதுதான் கேள்வி.

அளவுக்கு அமெரிக்காவில் என்ன மரியாதை என்று பாருங்கள். 2000-ம் ஆண்டு ஆகஸ்ட்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் லட்சக்கணக்கான டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடிய டயர்கள். டயரின் மேல்தோல் உரிந்து வண்டிகள் கவிழ்ந்ததில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்திருந்தார்கள். டயர்தான் கோளாறு என்றது ஃபோர்டு. 'எங்கள் டயருக்கு 30 பாயிண்ட் வைக்கவேண்டும். நீங்கள் 26 போதும் என்று சொல்லிவிட்டீர்கள். வண்டியின் வடிவமைப்பும் சரியில்லை' என்று திருப்பி அடித்தது ஃபயர்ஸ்டோன். அந்த நாலு பாயிண்ட் வித்தியாசம் அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்கள் வரை போனது. அதே வருஷம் நவம்பரில் புதுச் சட்டமே வந்தது. அதன் விளைவாக, 2007 செப்டம்பரிலிருந்து அங்கே விற்கிற ஒவ்வொரு புதுக் காரிலும் டயரில் காற்று குறைந்தால் டாஷ்போர்டில் விளக்கு எரிந்தாக வேண்டும்.

அங்கேயும் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த விளக்கு, சொன்ன அளவிலிருந்து 25 சதவிகிதம் குறைந்தால் எரிந்தாக வேண்டும் என்பதுதான் விதி. கூடினால் எரிய வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை. ஆகவே, 'என் காரில் அந்த விளக்கு இருக்கிறதே' என்று நிம்மதியாகத் தூங்குகிற புதுக் கார் நண்பர்களே, பெரும்பாலும் அது சப்பை டயருக்கான காவல்காரன். புடைத்த டயரைப் பார்த்தால் சல்யூட் அடித்து உள்ளே விட்டுவிடும்.

நம் அரசாங்கம் என்ன செய்தது? 2019 ஜூலையில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, டயர்களில் சாதாரணக் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் நிரப்புவதைக் கட்டாயமாக்க யோசித்து வருவதாக மாநிலங்களவையில் சொன்னார். 2020-ல் வேறொரு விதி வந்தது. டியூப்லெஸ் டயர், அந்த எச்சரிக்கை விளக்கு, பஞ்சர் ஒட்டும் கிட் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலேயே காரை விற்கலாம் என்ற சலுகை. கார் கம்பெனிக்கு ஒரு டயர் மிச்சம்.

நைட்ரஜன் விஷயத்துக்கு வருவோம். நாம் சுவாசிக்கிற காற்றிலேயே 78 சதவிகிதம் நைட்ரஜன்தான். அதைச் சுத்தமாக நிரப்பினால் ஈரம் இருக்காது, கசிவும் கொஞ்சம் மெதுவாக இருக்கும். வாஸ்தவம். விமானங்களுக்கு அது அவசியம். 1986-ல் மெக்ஸிகோவில் ஒரு போயிங் 727, பிரேக் சூட்டில் டயர் வெடித்து, விழுந்து 167 பேர் செத்தார்கள். அந்த டயரில் நைட்ரஜனுக்குப் பதில் சாதாரணக் காற்று நிரப்பியிருந்தார்கள். ஆனால் விமானத்தின் டயர் வாங்குகிற சூடு வேறு, வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போகிற காரின் டயர் வாங்குகிற சூடு வேறு. பச்சை மூடி போட்டுக் காசு வாங்கிக்கொண்டு நாற்பத்திரண்டு பாயிண்ட் நைட்ரஜன் அடித்தாலும் அது நாற்பத்திரண்டு பாயிண்ட்தான். எதை நிரப்பினீர்கள் என்பதைவிட எவ்வளவு நிரப்பினீர்கள் என்பதுதான் முக்கியம். எவ்வளவு என்று அளந்து தர யாரும் இல்லாத ஊரில், எதை நிரப்பலாம் என்று பேசுவது, சாப்பாடு போடாமல் வெற்றிலையில் எந்தப் பாக்கு வைக்கலாம் என்று கேட்கிற கதை.

*

அளந்து தர ஆள் இல்லை என்று சும்மா சொல்லவில்லை. சில நூறு ரூபாய் கொடுத்து, சட்டைப் பையில் வைக்கிற அளவில் ஒரு பிரஷர் கேஜ் வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கிற மூன்று பங்க்குகளில் ஒரே டயரைக் காட்டினேன். பெயர்கள் வேண்டாம். ஒன்றில் 31. ஒன்றில் 34. மூன்றாவதில் மெஷின் 35-க்கு செட் ஆகியிருந்தது. வருகிற கார் எதுவானாலும், எந்த டயரானாலும் 35. 'குறைச்சு வைக்க முடியாதா தம்பி?' என்று கேட்டேன். 'எல்லாருக்கும் இதான் ஸார் வெக்கிறோம். யாரும் கேட்டதில்லையே' என்றான். என் கேஜ் மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டியது.

என் கேஜ்தான் சரி என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஆனால் ஒரே டயருக்கு மூன்று கேஜ் மூன்று எண் சொன்னால், குறைந்தது இரண்டு பேர் பொய் சொல்கிறார்கள். பெட்ரோல் மெஷின் இப்படி மூன்று விதமாகக் காட்டியிருந்தால் அந்தத் தெருவில் மறியலே நடந்திருக்கும்.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. 'யாரும் கேட்டதில்லையே' என்று அவன் சொன்னது நம் எல்லோர் மேலும் வைத்த குற்றச்சாட்டு. அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த மூலைக்கு வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பங்க்கிலேயே குறைந்த சம்பளக்காரர்கள், அல்லது நாம் கொடுக்கிற பத்து ரூபாயை நம்பி நிற்கிறவர்கள்.

அவர்கள் உயிரும் இதில் இருக்கிறது. கார் டயராவது பரவாயில்லை. நெடுஞ்சாலைப் பஞ்சர் கடைகளில் லாரி டயருக்கு நூறு பாயிண்டுக்கு மேல் அடிக்கிறார்கள். கேஜ் பார்ப்பது குறைவு. கம்பியால் தட்டிச் சத்தத்தை வைத்தே 'போதும்' என்று முடிவு செய்கிறவர்கள் உண்டு. டயருக்கு நேர் எதிரே, சில நேரம் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு அடிப்பார்கள். 2022 மே மாதம், சத்தீஸ்கரில் ராய்ப்பூர் பக்கத்தில் சில்தரா தொழிற்பேட்டையில், ஜே.சி.பி. டயருக்குக் காற்று அடிக்கும்போது டயர் வெடித்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். கேமராவில் பதிவான அந்த வீடியோவை நாடே பார்த்தது. ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போனோம். அமெரிக்காவில் லாரி டயரை இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்று அடிக்க வேண்டும் என்று 1980-களிலேயே தொழிலாளர் பாதுகாப்பு விதி வந்துவிட்டது. நம் நெடுஞ்சாலைப் பஞ்சர் கடைகளில் அப்படி ஒரு கூண்டைப் பார்த்தவர்கள் கை தூக்கலாம்.

*

கோரிக்கைகள் ரொம்பப் பெரிதில்லை. பத்தாயிரம் கோடி திட்டம் எதுவும் கேட்கவில்லை.

பங்க்கில் இலவசக் காற்று தரவேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்கள் டீலர்களுக்குப் போட்ட விதி. நல்ல விதி. அதோடு, இந்த கேஜ் எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டது என்று ஒரு அட்டை மாட்டச் சொல்லுங்கள். பெட்ரோல் மெஷினுக்குக் காட்டுகிற அக்கறையில் பத்தில் ஒரு பங்கு போதும். காற்று மூலைக்கு ஆள் போடும்போது அரை நாள் பயிற்சி கொடுங்கள். 'எவ்வளவு ஸார்?' என்று கேட்பதற்குப் பதில், 'கதவைத் திறங்க ஸார், ஸ்டிக்கர் பாத்துடலாம்' என்று அவர்கள் சொல்லும் நாள் வரட்டும்.

கார் கம்பெனிகளே, சூரியக் கூரை, பத்து ஸ்பீக்கர் என்று முழுப்பக்க விளம்பரம் கொடுக்கிறீர்கள். உயிர் காக்கிற எண்ணை மட்டும் கதவிடுக்கில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் ஒளித்துவைக்கிறீர்கள். தமிழ்நாட்டில் விற்கிற காரில் அதைத் தமிழிலும், கண்ணுக்குத் தெரிகிற அளவிலும் ஒட்டினால் என்ன செலவாகிவிடும்? பேப்பரும் பசையும்தானே!

ஆர்.டி.ஓ. ஆபீஸில் லைசென்ஸ் கொடுக்கும்போது எட்டுப் போடச் சொல்கிறீர்கள், சந்தோஷம். கூடவே, 'இந்தக் காருக்கு எவ்வளவு காற்று, எங்கே எழுதியிருக்கிறது, காட்டு' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அந்தப் பதில் தெரியாத ஒருவர் கையில் கார் சாவியைக் கொடுத்து அனுப்பாதீர்கள்.

கடைசியில் நாம். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, காலையில், டயர் சூடாகாமல் இருக்கும்போது, வீட்டுக்குப் பக்கத்து பங்க்கில் காற்று பாருங்கள். ஸ்டிக்கரில் இருக்கிற எண்ணைச் சொல்லுங்கள். இறங்கி நின்று மீட்டரைப் பாருங்கள். 'கூட ரெண்டு வெக்கட்டுமா?' என்றால் 'வேண்டாம் தம்பி' என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு அந்தப் பத்து ரூபாயையும் மறக்காமல் கொடுங்கள். டிக்கியில் தூங்குகிற ஸ்டெப்னியையும் எழுப்பிக் காட்டுங்கள்.

காசு கொடுத்து வாங்குகிற பொருளுக்கு மட்டும்தான் கேள்வி கேட்போம் என்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். குழாய்த் தண்ணீர், ரேஷன் அரிசி, அரசாங்க ஆஸ்பத்திரி மாத்திரை வரிசையில் காற்றும் சேர்ந்துவிட்டது. சும்மா வருகிறதுதானே, எப்படி இருந்தால் என்ன! ஆனால் அந்தச் சும்மா காற்றின் மேல்தான் நாம் ஏறி உட்கார்ந்து போகிறோம், மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில்.

இதைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். கீழே போய், கார் கதவைத் திறந்து, அந்த எண்ணைப் படியுங்கள். வாங்கி எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் சரி. முதல் தடவையாகப் படிப்பவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. எழுதுங்கள்.